நாற்பத்தோராம் கேள்வியின் மொழி

பெப்ரவரி 17, செவ்வாய்

பாதி மழை, பாதி பனி. சப்பாத்து நனைஞ்சு ஹீட்டரில காயுது.

இண்டைக்குப் பயிற்சி நாள். எனக்கே பிறகு குழம்பாமல் இருக்க எழுதி வைக்கிறன். போன இலையுதிர்காலம் பீலெஃபெல்ட் நகரத்தில இருக்கிற எங்கட இலங்கைத் தமிழ் ஆக்களிட்ட ஒரு ஆராய்ச்சிக்காக உடம்பு, மனம், வீடு பற்றி ஜெர்மன் மொழியில கேள்வி கேட்டவை. இப்ப இரண்டாம் சுற்று. அதே ஆக்கள், அதே கேள்வி. ஆனா சீட்டுக் குலுக்கி அரைவாசிப் பேரிட்ட தமிழில. மொழி மாறினா பதிலும் மாறுதோ? அதுதான் ஆராய்ச்சி. தமிழில கேக்கிறது நான். முந்தி அவை என்ன சொன்னவை எண்டு எனக்குக் காட்டமாட்டினம்.

பொறுப்பாளர் உல்ரிக்கே (இனி உ.) சொன்ன விதிகள்:
– எழுதியிருக்கிறபடி வாசி. விளக்கம் குடுக்காதே.
– பேட்டி எடுக்கேக்கை வேற ஆரும் அறையில இருக்கக்கூடாது.
– இடையில மொழி மாறக்கூடாது. மாறினா டாப்லெட்டில "மொழி மாற்றம்" பொத்தானை அமத்தோணும். அந்தப் பேட்டி கணக்கில சேராது.
– பெயர் எழுதாதே. இலக்கம் மட்டும்.
– கேட்டதை வெளியில கதைக்காதே.

கடைசி விதியை இந்தக் கொப்பியில மீறப்போறன் எண்டு இப்பவே தெரியுது. மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கணவர் சிவாவுக்கு எதையும் வாசிக்கிற பழக்கமில்லை. மனிசன் எண்டு ஒராள் இருந்தும் இந்த ஒரு விசயத்தில எனக்கு நிம்மதி.

பாண், வெங்காயம், மகளின்ர பல்லு டொக்டரிட்டப் போற டெர்மின் நேரம் மாத்தோணும்.


பெப்ரவரி 19, வியாழன்

குளிர். வெயில் இருக்கு, சூடு இல்லை.

சிவாவை வைச்சுப் பழகிப் பாத்தன். கேள்வி 22: "கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் வருத்தமாக இருந்தீர்கள்?"

"மூண்டு நாள்."

இந்த மனிசன் மூண்டு நாள் கவலையா இருந்ததை நான் கவனிக்கேல்லையோ?

"ஏனப்பா?"

"தடிமன், காச்சல்தானே. நீதானே கொத்தமல்லி அவிச்சுத் தந்தனீ."

உடனே எர்லாங்கன் நகரத்துக்குப் போன் அடிச்சன். கேள்விகளை மொழிபெயர்த்தது ஹரீஷ், கோயம்புத்தூர்க்காரர், அங்கை பல்கலைக்கழகத்தில ஆராய்ச்சி. நல்ல மரியாதை.

"மேடம், வருத்தம்னா சேட் தானே?"

"உங்களுக்குத் தம்பி. எங்களுக்கு வருத்தம் எண்டா நோய். காச்சல், இருமல், ஒப்பரேசன்."

சைக்கிளில போய்க்கொண்டிருந்தவர் போல, பிரேக் சத்தம் கேட்டுது.

"அப்போ இருபத்தி ரெண்டாவது கேள்விக்கு எல்லாரும் ஃபீவரைச் சொல்லுவாங்க, நாம டிப்ரஷன்னு கவுண்ட் பண்ணுவோம்."

"ஓம்."

"சோகம்னு போட்டுடலாமா?"

"சோகம் எண்டு வீட்டில ஆர் கதைக்கிறது?"

கடைசியா "மனக்கவலை". அவருக்கு அது திருப்தியில்லை, கவலை எண்டா அவைக்கு வேற மாதிரியாம். எனக்கும் முழுத் திருப்தியில்லை. பரவாயில்லை.

அந்தப் "பரவாயில்லை"யும் பிரச்சினை. கேள்வி 1, உடல்நலம் எப்பிடி? ஐஞ்சு பதில். நடுவில இருக்கிறதை "நடுத்தரம்" எண்டு போட்டிருந்தவர். "குடும்பம்தான் நடுத்தரம், உடம்பு என்னண்டு?" எண்டு சிவா சிரிச்சார். அதையும் "பரவாயில்லை" எண்டு மாத்தினம். ஆனா எங்கட ஆக்கள் ஆர்தான் வேற பதில் சொல்லப்போகினம்? அப்பா ஆஸ்பத்திரியில கடைசிக் கிழமையும் பரவாயில்லை எண்டுதான் சொன்னவர்.


பெப்ரவரி 23, திங்கள்

இல. 4. எழுபது வயசு தாண்டினவர், மனைவி இல்லை. கதவைத் திறந்த உடனே அப்பாவின்ர பேர் கேட்டார். சொல்லியிருக்கக்கூடாது. சொன்னன்.

பிறகு நான் பேட்டி எடுக்கிற ஆள் இல்லை, பிள்ளை. தேத்தண்ணி, வடை, திரும்பவும் வடை.

"அயலவர்களை நம்பலாம் என்று நினைக்கிறீர்களா?" ஓம். "இங்கே பாகுபாடு அனுபவித்தீர்களா?" இல்லை. "இந்த நாட்டில் திருப்தியாக இருக்கிறீர்களா?" ஓம். ஒவ்வொரு பதிலுக்கும் முதல் என்ர முகத்தைப் பாக்கிறார்.

"நீர் என்ன போட்டாலும் சரி பிள்ளை. உமக்குப் பிரச்சினை வராமல் போடும்."

மது அருந்துவீர்களா?

"சீ, தொடுறதில்லை."

குசினிக் கதவு திறந்துதான் கிடந்தது. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில வெறும் போத்தில் நாலு, அடுக்கி வைச்சபடி. நான் பாத்ததை அவர் பாத்தார். "இல்லை" எண்டு அமத்தினன். விதி அப்பிடி, சொன்னதைத்தான் பதியோணும்.

ட்ராமில வரேக்கை யோசிச்சன். போன சுற்றில முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன் பெடிச்சி கேட்டிருப்பா. அவவுக்கு உண்மையைச் சொல்லியிருப்பார். நான் போனது அவரின்ர உண்மையைக் கெடுக்கத்தானோ? தாய்மொழியில கேட்டா மனசு திறக்கும் எண்டு பயிற்சியில நானும்தான் தலையாட்டினன்.


பெப்ரவரி 25, புதன்

மூட்டம். காலமை முழுக்க லைற் போட்டபடி.

இல. 11.

ஐம்பத்தொன்பது வயசு. கணவர் செத்து ஆறு வருசம். ஆஸ்பத்திரி உடுப்புத் தோய்க்கிற இடத்தில வேலை, இருபது வருசத்துக்கு மேல. மகனோட இருக்கிறா.

மகன்தான் கதவு திறந்தவர். முப்பது, முப்பத்தொண்டு இருக்கும். "வாங்கோ அக்கா" எண்டு கோட்டை வாங்கி மாட்டினார். தேத்தண்ணி போட்டார். தாய்க்குச் சீனி இல்லாமல், நினைவா. எனக்குப் பிடிச்சுப்போச்சு, இப்பிடி ஒரு பிள்ளை. தனிய இருக்கோணும் எண்டு சொன்னன். "பிரச்சினையில்லை, நான் வேலைக்கு வெளிக்கிட்டிட்டன்" எண்டிட்டுப் போனார். படியால இறங்கின சத்தம் கேட்டது. கீழ்க் கதவு சாத்தினது.

வீட்டில நாங்கள் ரெண்டு பேரும் மட்டும். இதை எழுதி வைக்கிறன், பிறகு எனக்குச் சந்தேகம் வரக்கூடாது.

நாற்பது கேள்வி கெதியாப் போச்சு. உடம்பு: பரவாயில்லை. நித்திரை: வரும். மனக்கவலை: இல்லை. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே தங்கச்சி, அதை என்னத்துக்கு எழுதுவான்."

41. வாசிச்சன். கடந்த பன்னிரண்டு மாதங்களில், உங்கள் வீட்டில் உள்ள யாராவது உங்களை அடித்தோ, தள்ளியோ, காயப்படுத்தியோ இருக்கிறார்களா?

கையை மடியில வைச்சா. எடுத்தா. மேசை விரிப்பை நேராக்கினா. அது நேராத்தான் கிடந்தது.

"இதை ஜெர்மனில கேக்கலாமோ?"

"அக்கா, மொழி மாறினா இந்தப் பேட்டி கணக்கில சேராது. நீங்கள் சொன்ன எல்லாத்தையும் விட்டிடுவினம்."

"பரவாயில்லை. கேளுங்கோ."

ஜெர்மனில கேட்டன். அதே கேள்வி, எனக்கே வேற ஆரோ கேக்கிற மாதிரி.

"யா," எண்டா. நிமிர்ந்து இருந்தா, வேலையில ஃபோர்மானுக்குப் பதில் சொல்லுற மாதிரி. "மைன் ஸோன்." என்ர மகன். ரெண்டு வருசமா. அடிக்கடி இல்லை. ஒருக்காக் கை, ஒருக்காக் கதவு, ஒருக்கா முடியைப் பிடிச்சு. எல்லாம் ஜெர்மனில, சின்னச் சின்ன வசனம், பிழையில்லாமல்.

எனக்குத் தமிழும் வரேல்ல, ஜெர்மனும் வரேல்ல.

அவதான் திரும்பத் தமிழுக்கு வந்தா.

"தமிழில மகன் எண்டு சொன்னா எனக்கு அவன்ர சின்ன வயசு முகம் வருது தங்கச்சி. வாயில மிச்சம் வராது. ஜெர்மனில சொன்னா ஒண்டும் வருதில்லை. அதுதான்."

உதவி நம்பர்கள் உள்ள தாளைக் குடுத்தன். தொடேல்ல.

"கடதாசி வேண்டாம். அவன் பாப்பான். நம்பரைச் சொல்லுங்கோ, பாடமாக்கிறன்."

ஒவ்வொரு எண்ணாச் சொன்னன். ஜெர்மனில திருப்பிச் சொன்னா. மூண்டு தரம். மூண்டாந் தரம் நான் தாளைப் பாத்துச் சரி பிடிச்சன். ஒண்டும் பிழையில்லை.

"மொழி மாற்றம்" அமத்தினன். திரை கேட்டுது: பேட்டியை முடிக்கவா? ஓம்.

கோட்டை அவதான் எடுத்துத் தந்தவ.


பெப்ரவரி 26, வியாழன்

நித்திரை சரியில்லை. காலமை நேர உ.வின்ர அறைக்கு.

நடந்ததைச் சொன்னன். பெயர் சொல்லாமல். கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டுக் கேட்டவ.

"நீர் செய்தது சரி," எண்டவ. "ஆனா இந்தப் பேட்டி ஒப்பீட்டில வராது. ரெண்டு மொழி கலந்திட்டுது."

"அப்ப அவவின்ர தமிழ்ப் பேட்டியில என்ன நிக்கும்?"

"ஒண்டும் நிக்காது. வெற்றிடம்."

"நான் மொழி மாத்தாமல் விட்டிருந்தா?"

"இல்லை எண்டு பதிஞ்சிருப்பீர்."

"அது கணக்கில சேர்ந்திருக்கும்."

உ. கண்ணாடியைத் திரும்பப் போட்டவ. பிறகு, "குறிப்பு எழுதும். வடிவா, நீளமா எழுதும். நெறிமுறைக் குழுவுக்கு நான் அனுப்புறன். இந்தக் கேள்விகளை நாங்கள் வாயால கேக்கிறதே பிழையோ தெரியாது." அவவும் படுக்கேல்ல மாதிரித்தான் முகம். அவவுக்குப் பிள்ளை இல்லை. ஏன் இதை எழுதுறன் எண்டு தெரியேல்ல.

குறிப்பு எழுதினன், ஜெர்மனில, ரெண்டு பக்கம். திருப்பி வாசிச்சா ஆரோ எழுதின அறிக்கை.

ஒரு பழைய விசயம். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில இறங்கேக்கை எனக்குப் பத்து வயசு. பதின்மூண்டில நான்தான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர். கடிதம், அன்ட்ராக் எண்ட விண்ணப்பம், டொக்டர். ஒருக்கா டொக்டர் அம்மாவைக் கேட்டார், நித்திரை வராமல் இருக்கோ, காரணமில்லாமல் அழுறீங்களோ எண்டு. நான் நித்திரையை மட்டும்தான் கேட்டன். அம்மாவிட்ட அழுறதைப் பற்றிக் கேக்க எனக்கு வெக்கம். டொக்டருக்கு ரெண்டுக்கும் சேத்து இல்லை எண்டு சொன்னன். அவர் எழுதினார். அது அவவின்ர கோப்பில அப்பிடியே இருந்திருக்கும்.

இதைச் சிவாவுக்கும் சொன்னதில்லை.


பெப்ரவரி 28, சனி

தமிழ்க் கடை. முருங்கைக்காய் வந்திருக்கெண்டு போன் வந்தது. நல்ல சனக்கூட்டம்.

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில நிக்கேக்கை பின்னால, "அக்கா, வணக்கம்."

அவர்தான். இல. 11இன் மகன். கையில கறிவேப்பிலையும் ஒரு பக்கற் ரஸ்க்கும். அம்மாவுக்கு ரஸ்க் எண்டா விருப்பமாம்.

"பேட்டி முடிஞ்சுதோ அக்கா? அம்மா வடிவாக் கதைச்சவவோ?"

"ஓம் தம்பி."

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?"

சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவர். கண் சிரிக்கேல்ல. இல்லை, அது நான் பிறகு நினைச்சது. அப்ப எனக்குக் கண்ணைப் பாக்க ஏலாமல் இருந்தது.

நான் ஜெர்மனில பதில் சொன்னன். பயிற்சியில தந்த வசனம், அப்பிடியே: பேட்டி பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது.

அவருக்கு முகம் மாறிச்சு. "ஓ," எண்டார். ரஸ்க்கை ஒரு கையில இருந்து மற்றக் கைக்கு மாத்தினார். "சரி அக்கா." போயிட்டார்.

முருங்கைக்காயை அங்கையே வைச்சிட்டு வந்திட்டன்.

என்ன செய்தனான்? தமிழில, "ஒண்டுமில்லைத் தம்பி, சாப்பாடு, நித்திரை, அதுகள்தான்" எண்டு சொல்லியிருந்தா? ஒரு பொய். அவர் சிரிச்சிட்டு வீட்டை போயிருப்பார். நான் விதிப்படி நடந்தன். தமிழ்க் கடைக்குள்ள, தமிழில கேட்ட ஒரு தமிழ்ப் பெடியனுக்கு ஜெர்மனில பதில் சொன்னா, அதிலயே எல்லாம் இருக்கு. ஏதோ இருக்கெண்டு நானே காட்டிக் குடுத்திட்டன்.

சிவா, ஏன் முகம் இப்பிடி எண்டு கேட்டார். தலையிடி எண்டன்.


மார்ச் 2, திங்கள்

உ.விட்ட எல்லாத்தையும் சொன்னன். கடை, ரஸ்க், நான் சொன்ன வசனம்.

கோவிப்பா எண்டு நினைச்சன். இல்லை. "அந்த வசனத்தை எழுதினது நான்தான்," எண்டவ.

பேட்டி ஒழுங்கா நடந்ததோ எண்டு சரிபார்க்க எடுக்கிற கட்டுப்பாட்டு அழைப்பு ஒண்டு வழக்கமா இருக்கு. அந்தச் சாட்டில உ. தானே இல. 11க்கு அடிச்சுப் பாக்கிறன் எண்டவ. வேலை இடைவேளை நேரம் பாத்து, ஜெர்மனில, அவவின்ர கைத்தொலைபேசிக்கு.

எடுக்கேல்ல. பின்னேரமும் எடுக்கேல்ல.

வீட்டுப் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. உ. ரெண்டு தரம் சொன்னவ. "நீர் அங்கை போனா அவவுக்குத்தான் கூடாது." சரி. தெரியும்.


மார்ச் 5, வியாழன்

மழை. இல. 15, இல. 16 முடிஞ்சுது. ரெண்டும் ஆம்பிளையள். ரெண்டு பேருக்கும் எல்லாம் பரவாயில்லை.

ஹரீஷ் போன். கேள்வி 22க்குத் தமிழ்ப் பதிலும் ஜெர்மன் பதிலும் ஒத்துப்போகேல்லையாம், சந்தோசமாச் சொன்னார். "செம இன்ட்ரஸ்டிங் மேடம்." நான் ஓம் எண்டன். பிறகு, என்ன உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு எண்டு கேட்டார். வருத்தம் எண்டு சொன்னன். எந்த வருத்தம் எண்டு அவரும் கேக்கேல்ல.

உ. மூண்டு தரம் அடிச்சாச்சு. பதிலில்லை. ஆலோசனை நிலையத்துக்கும் கதைச்சவ. அந்த மனிசி தானா வராமல் தங்களால கதவு தட்ட ஏலாது எண்டவையாம்.

ட்ராமில இல. 11இன் வேலையிடம் இருக்கிற தரிப்பு வந்தது. இறங்கேல்ல. கதவு திறந்து மூடுற வரைக்கும் எழும்பி நிண்டன்.


மார்ச் 10, செவ்வாய்

பதினொரு மணி. உ. என்ர மேசைக்கு வந்தவ. ஒருநாளும் வாறதில்லை.

"இல. 11 போன் எடுத்தவ. தானாவே. ஜெர்மனில."

உயிரோட இருக்கிறா. அதுதான் முதல் நினைச்சது. எழுதவே கூசுது.

வீட்டை விட்டு வந்திட்டாவாம். வேலையில கூட நிக்கிற போலந்து மனிசியோட இருக்கிறா. பழைய நம்பரை நிப்பாட்டியாச்சு, அதுதான் எடுக்கேல்ல. உதவி நம்பருக்கும் அடிச்சிருக்கிறா, பாடமாக்கினதை வைச்சு.

"வேற என்ன சொன்னவ?"

உ. கையில ஒரு மஞ்சள் துண்டு. கேட்டதை அப்பிடியே எழுதி வைச்சிருந்தவ. "என்ர பேட்டியை விட்டிட்டீங்கள் எண்டு அந்தத் தங்கச்சி சொன்னவ. திருப்பிக் கேப்பீங்களோ? கணக்கில இருந்து விடுபட எனக்கு விருப்பமில்லை."

கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நிண்டிட்டு வந்தன்.

நெறிமுறைக் குழுவின்ர பதிலும் நேற்று வந்திட்டுதாம். 40 தொடக்கம் 44 வரை இனி வாயால கேக்கிறதில்லை. டாப்லெட்டை அவையின்ர கையில குடுக்கிறது. திரையில ரெண்டு மொழியும். பேட்டி எடுக்கிற ஆள் மற்றப் பக்கம் பாக்கோணும். இடையில நிண்டுபோன பேட்டிகளைத் திரும்பச் செய்யலாம்.

டெர்மின்: வெள்ளி, பத்து மணி, இஞ்சை.


மார்ச் 13, வெள்ளி

வெளிச்சமான நாள். காத்து.

ஐஞ்சு நிமிசம் முந்தியே வந்திட்டா. புதுச் சால்வை, போலந்து மனிசியின்ரயாம். இடக்கை மணிக்கட்டில கட்டு. நான் பாத்தன். அவ கையை மேசைக்குக் கீழ வைச்சா.

"எப்ப அக்கா வெளிக்கிட்டனீங்கள்?"

"சனிக்கிழமை. போன மாசக் கடைசி."

நான் கடையில ஜெர்மனில பதில் சொன்ன சனிக்கிழமை.

என்ன நடந்தது எண்டு நான் கேக்கேல்ல. "நான் அண்டைக்குக் கடையில மகனைக் கண்டனான் அக்கா. அவர் கேட்டவர். நான் சொன்ன விதம்..." இவ்வளவும்தான் வந்தது.

அவ சால்வையை இழுத்துப் போத்தினா. கோவமும் இல்லை, மன்னிப்பும் இல்லை, சும்மா களைச்ச முகம்.

"வந்து கேட்டவன்தான்," எண்டா. "அதுக்கு முதல் நாளும் ஏதோ கேட்டவன். அதுக்கு முதல் மாசமும்." பிறகு, "உங்களுக்குச் சொன்ன அண்டைக்குப் பின்னேரம் வேலையில அந்தப் போலந்துக்காரிக்கும் சொன்னனான். ஒருக்காச் சொன்னாப் பிறகு ரெண்டாந் தரம் சுகமா வருது. அதால போறதுக்கு ஒரு இடம் இருந்தது."

பொலிசுக்குப் போகேல்லையாம். போகமாட்டாவாம். மகனுக்கு ஒவ்வொரு நாளும் வேற போனில இருந்து ஒரு மெசேஜ் போடுறா. சாப்பிட்டியோ? அவ்வளவுதான். பதில் வாறதில்லை. தமிழிலதான் போடுறா.

அழுகை வந்தது எனக்கு, அவவுக்கில்லை. "தங்கச்சி, கேள்வித்தாளில இருக்கிறதைக் கேளுங்கோ," எண்டா.

எந்த மொழி வேணும் எண்டு கேட்டன். இந்த முறை அவவே தெரிவுசெய்யலாம், உ. அனுமதி வாங்கியிருந்தவ.

"சீட்டில என்ன விழுந்தது?"

"தமிழ்."

"அப்ப தமிழ்."

தொடங்கினன். உடம்பு?

"கூடாது," எண்டா. போன முறை பரவாயில்லை. ஐஞ்சாவதை, மிக மோசம் எண்டதை, அமத்தினன்.

நித்திரை: இல்லை. மனக்கவலை, எத்தனை நாள்: "எல்லா நாளும் போடுங்கோ." நான் வாசிக்கிற வேகத்தைக் குறைச்சன். அவ குறைக்கேல்ல.

கேள்வி 40இல டாப்லெட்டைத் திருப்பி அவவுக்கு முன்னால வைச்சன். எப்பிடி அமத்திறதெண்டு காட்டினன். கதிரையைத் திருப்பி யன்னலைப் பாத்தன். வெளியில தரிப்பிடம், சைக்கிள் ரெண்டு காத்துக்கு விழுந்து கிடந்தது. ஒருத்தர் வந்து ஒண்டை மட்டும் நிமித்திக்கொண்டு போனார்.

பின்னால அவ வாய்க்குள்ள வாசிக்கிறது கேட்டுது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, எழுத்துக் கூட்டி, தமிழில. ஆர் செய்தது எண்டு கேக்கிற இடம். "கணவர். மகள். மகன்." அதில நிண்டுது. திரும்பிப் பாக்கக்கூடாது. நான் பாக்கேல்ல. வாசிக்கேல்லையோ, அமத்தினாவோ, பாதியில வைச்சிட்டு அழுறாவோ, ஒண்டும் தெரியாது. கனநேரம்.

டாப்லெட் மேசையில உரசி என்ர பக்கம் வந்த சத்தம்.

"மிச்சம் எத்தினை?"

"பதினெட்டு அக்கா."

"கேளுங்கோ."